ஊறவா, உறையாமல் இருக்கவா?

கத்தாமல் பேசத் தெரியாத என் செல்ல மாமாவுக்கு,

குற்றாலத்தில் சாரல் இன்னும் விடவில்லை. ஐந்தருவியில் நிற்க இடமில்லையாம். நான் போகவில்லை. அங்கே வழுக்கி விழுகிறவர்களில் பாதிப்பேர் தென்காசியில் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறார்கள். தனியாகப் போய் அருவி பார்க்க வேண்டியதில்லை.

நீங்கள் போய் இரண்டு வருஷமாகிறது. முதல் செய்தி: மருந்தாளுநரான எனக்கு, அவசர சிகிச்சை நடக்கிற கேஷுவாலிட்டிக்குள்ளேயே நாற்காலி போட்டார்கள். மூன்று மாதம் பார்ப்போம் என்றுதான் போட்டார்கள். "மாத்திரை எடுத்துக் குடுக்கதுக்கா மருமவனே ஆறு வருசம் படிக்கே?" என்று தக்காளி ஏலத்துக்கு நடுவில், பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கே கேட்கிற மாதிரி கேட்டீர்களே. இப்போது சொல்கிறேன். கொடுக்கப் போகிற மருந்தைக் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் பாதி நாள் என் வேலை. அதனால் பாதிப்பேருக்கு என்னைப் பிடிக்காது.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம். சுரண்டைக்காரர் ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், உடம்பெல்லாம் எண்ணெயோடு, ஈரத் துண்டை நெஞ்சு வரை போர்த்திக்கொண்டு வந்தார். பாறையில் வழுக்கிப் பின்மண்டையில் அடி. எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். ஆனால் வாய் ஓயவில்லை. "அருவி தள்ளல சார், எண்ணெதான் தள்ளிட்டு" என்று சிரிக்கிறார். குடும்பம் வெளியே வேனில், பரோட்டாக் கடைக்கு நேரமாகிறது என்று ஹாரன் அடிக்கிறது.

டியூட்டி டாக்டர் ஒரு வலி ஊசி எழுதினார். போட்டுவிட்டு அனுப்பலாம் என்றார். ஜெபா சிஸ்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுதாங்களா?"

"ரத்தத்துக்கு ஒண்ணு போடுதாவ" என்றார் அவர் மனைவி.

சிஸ்டர் 'இரும்புச்சத்து மாத்திரை' என்று எழுதிவிட்டார்.

மாமா, 'ரத்தத்துக்கு ஒண்ணு'! உங்கள் வார்த்தை அல்லவா அது? இதயத்தில் வால்வு மாற்றிய பிறகு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை, ரத்தம் ஊறுவதற்கு என்று நினைத்தீர்கள். இன்னும் நன்றாக ஊறட்டும் என்று தினமும் முருங்கைக்கீரை வேறு. கீரை அந்த மருந்தை மட்டுப்படுத்தும். டாக்டர் மாத்திரையைக் கூட்ட, நீங்கள் கீரையைக் கூட்ட, மாதக்கணக்கில் போட்டி. லீவில் வந்தவன் கண்டுபிடித்துக் கத்தினேன்: "ஊற இல்ல மாமா, உறையாம இருக்க!"

"ஊறுனா என்ன, உறைஞ்சா என்ன, எல்லாம் ரத்தந்தானலே" என்றீர்கள்.

அந்தச் சத்தம் காதில் கேட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "எத்தனை மாத்திரைம்மா? எப்போ?"

"சாயங்காலம் அரை. செவ்வா, வெள்ளி மட்டும் முழுசு."

"அதென்ன செவ்வா வெள்ளி, விரதமா?" என்றார் ஜெபா சிஸ்டர்.

இரும்பு மாத்திரையைக் கிழமை பார்த்து யார் உடைத்துச் சாப்பிடுகிறார்கள்? நீங்களும் இப்படிக் கிழமை பார்த்து உடைத்தது அந்த உறையாமல் இருக்கிற மாத்திரையைத்தானே? "ஊசி போடாதீங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

"பேசாம சீட்டையும் நீங்களே எழுதிருங்க சார்" என்றார் டாக்டர்.

"எழுதுதேன். மொதல்ல அந்தத் துண்டை எடுங்க."

துண்டுக்கடியில், நெஞ்சுக்கு நடுவே, நேர்க்கோடாகத் தையல் தழும்பு. டாக்டர் ஸ்டெத்தை வைத்தார். உள்ளே வால்வு கடிகாரம் மாதிரி தட்டுகிறது. அவர் முகம் மாறியது. மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் அந்த ஊசி அதை இன்னும் கூட்டும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சீட்டில் எழுதிய ஊசியைத் தானே அடித்தார்.

ஸ்கேனில் மண்டைக்குள் மெல்லிசாக ரத்தக் கசிவு. ஊசி போட்டு அனுப்பியிருந்தால், மாமா, அவர் சிரித்துக்கொண்டே வேன் ஏறியிருப்பார். சுரண்டை போய்ச் சேர்வதற்குள் பேச்சு நின்றிருக்கலாம்.

கசிவையும் நிறுத்த வேண்டும், வால்வும் அடைத்துவிடக் கூடாது. டாக்டர் இதய டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்கக் கேட்க, நான் முறிமருந்தின் அளவைச் சரிபார்த்து எடுத்துக் கொடுத்தேன். திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியபோது, அவர் சாப்பிடுகிற அத்தனை மருந்தும் ஒரே தாளில் கூடவே போயிற்று. அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். எரிச்சலிலும் துண்டை எடுத்துப் பார்த்தார். அது எல்லோருக்கும் வராது.

மூன்று வாரம் கழித்து அந்தச் சுரண்டை அண்ணாச்சி தானே நடந்து வந்தார். கையில் என்ன தெரியுமா? ஒரு கட்டு முருங்கைக்கீரை!

"கீரை திங்கக் கூடாதுன்னுட்டாவ தம்பி. மரத்துல சும்மா கெடக்கு. நீங்க தின்னுங்க."

"திங்கக் கூடாதுன்னு யாரு சொன்னா அண்ணாச்சி? ஒரு வாரம் கட்டுக்கட்டா, மறுவாரம் ஒண்ணுமில்லாம இருக்கக் கூடாது, எப்பவும் ஒரே அளவா..." என் சத்தத்தில் வாசல் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

அவர் மனைவி கேட்டார்: "தம்பி, பொறுமை வர ஏதும் மாத்திரை இருக்கா? இருந்தா நீங்க ஒண்ணு போடுங்க." கேஷுவாலிட்டியே சிரித்தது. நானும்தான்.

ஆனால் மாமா, அன்று லீவில் வந்து நான் கத்திய பிறகு, மாத்திரையைப் பற்றி நீங்கள் என்னிடம் வாயே திறக்கவில்லை. இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. கத்தாமல் கேட்டிருந்தால் இன்னும் என்னென்ன சொல்லியிருப்பீர்கள்?

இப்போது எங்கள் சீட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். யாராவது 'ரத்தத்துக்கு மாத்திரை' என்றால் உடனே கேட்க வேண்டும்: ஊறவா, உறையாமல் இருக்கவா, கொதிப்புக்கா? ஜெபா சிஸ்டர் அதற்கு 'மாமா கேள்வி' என்று பெயர் வைத்திருக்கிறார். மூன்று மாதம் முடிந்துவிட்டது. நாற்காலியை யாரும் எடுக்கவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்கு. அந்த ஒரு கேள்வியை மட்டும் கத்தாமல் கேட்பேன். பதில் வருகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். மற்றதற்கெல்லாம் கத்தத்தான் செய்வேன். அது உங்கள் ரத்தம் மாமா. நன்றாக ஊறிவிட்டது.

'மருமவனே' என்று யார் கூப்பிட்டாலும் இன்னும் திரும்பிப் பார்க்கிற,
உங்கள் தங்கச்சி மகன்
இசக்கி