குதிமுள் வார்

என்னங்க,

ஏரிக்கரையிலிருந்து நீங்கள் வருவதற்குள் அரியலூர் பஸ் வந்துவிடும் போலிருக்கிறது. தம்பி வீட்டுக்குப் போகிறேன். கோபித்துக்கொண்டு இல்லை; அவன் பெண்டாட்டிக்கு இன்றோ நாளையோ பிரசவம். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டு ரத்தினம்மாளிடம்.

நாளைக்கு சப்-கலெக்டர் துரை வருகிறார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் என்று நீங்கள் குதிரையில் எதிர்கொண்டு போக வேண்டுமே. பூட்ஸின் குதியில், குதிரையைக் குத்தி ஓட்டும் குதிமுள்ளைக் கட்டும் வார் அறுந்ததற்கு, "எல்லாம் நீ பாத்துக்கிட்ட லட்சணம்டி" என்று என்மேல் பாய்ந்தீர்கள். மழையில் நனைந்த தோலை வெயிலில் போட்டு அப்பளம் மாதிரி முறுகவிட்டது யாராம்?

புது வார் ஜோடி பூட்ஸுக்குள் இருக்கிறது. தடித்த தோல் காலில் படியாது என்று மெல்லியதாகப் பார்த்து வெட்டச் சொன்னேன். விளக்கெண்ணெய் தொட்டுத் துடைத்தாயிற்று. நீங்கள் வேறு தடவாதீர்கள். ஊறினால் வார் நீண்டுவிடும், எலியும் கடிக்கும். பக்கிள் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்பக்கம் இருந்தால் நம் குதிரை வெள்ளச்சியின் விலாவை உரசும். பாவம், வாயில்லா ஜீவன். எனக்காவது வாய் இருக்கிறது.

தனம்

குழம்பில் உப்பு கம்மி. உங்களோடு பேசாமல் சமைத்ததில் மறந்துவிட்டது.

இன்னொன்று. துரை போனதும் என்னைப் பார்க்க வருவதானால் குதிமுள்ளைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். அங்கே என் கையால் வெல்லம் கிடைக்கும் என்று வெள்ளச்சிக்குத் தெரியும்; குத்தாமலே ஓடி வருவாள். உங்களுக்கும் முள் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.