கரையான் ஏறும் வழி

மார்ச் 4

அன்புள்ள தம்பி,

அந்தக் காட்டு மர டிப்போவில் போன் சிக்னல் கிடையாது என்பதால் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன மாதம் உன் கையைக் கடித்த நம் கிடங்கு நாய்க்குட்டி நேற்றுச் செத்துவிட்டது. தண்ணீர் இறங்காமல், நுரை தள்ளி, பலகையைக் கடித்துக்கொண்டே. வெறிநோய். இங்கே எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டோம். நீ உடனே புறப்படு.

அண்ணன்

மார்ச் 7

அன்புள்ள அண்ணனுக்கு,

காயம் எப்போதோ ஆறிவிட்டது. வார்னிஷ் தடவினேன், பளபளவென்று மூடிக்கொண்டது. வாங்கிய தேக்கில் பாதிக்குத்தான் நம் முத்திரை குத்தியிருக்கிறேன். என் கண் மறைந்தால் விற்றவன் பொந்து மரத்தைத் தலையில் கட்டிவிடுவான். முத்திரை குத்தி முடிக்காமல் டிப்போவை விட்டு நகராதே என்று சொன்னது யாராம்? முடித்துவிட்டு வருகிறேன். சமையல்காரர் புண்ணியத்தில் குண்டாகிவிட்டேன், பார்த்தால் அடையாளம் தெரியாது.

தம்பி

மார்ச் 9

தம்பி,

விளையாடாதே. டாக்டர் சொன்னதை நம் தொழில் பாஷையில் சொல்கிறேன். கரையான் பலகையின் மேல்தோலைத் தொடாது, உள்ளேயே ஏறும். இந்தக் கிருமியும் அப்படித்தான். கடித்த இடத்தில் சத்தமில்லாமல் கிடந்து, நரம்பைப் பிடித்து ஏறி, மூளைக்குப் போகும். அங்கிருந்து எச்சிலுக்கு இறங்கும். நோய் வெளியே தெரிவதற்கு முன்னால் ஊசி போட்டால் பிழைத்துக்கொள்வாய். ஆறிய இடம் குறுகுறுக்க ஆரம்பித்துவிட்டால், "அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்லீங்க" என்கிறார். விற்றவன் மாற்றினால் மாற்றட்டும், மொத்த மரமும் விறகாகப் போகட்டும். முத்திரைச் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு இதே லாரியில் ஏறு. காலில் விழுந்து கேட்கிறேன்டா.

அண்ணன்

மார்ச் 13

அண்ணா,

அந்த லாரியில் மரத்தை ஏற்றி அனுப்பிவிட்டு, அடுத்ததில் வரலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாளே தழும்பில் எறும்பு ஊருவது போல இருந்தது. பிறகு காய்ச்சல். இன்று லாரியில் ஏறினேன். காற்று முகத்தில் அடித்ததும் தொண்டையைப் பிடித்து இழுத்தது, இறங்கிவிட்டேன். தண்ணீர் டம்ளரைக் கண்டாலே உடம்பு தூக்கிப்போடுகிறது. சமையல்காரர்தான் பக்கத்திலிருந்து வாயைத் துடைத்துவிடுகிறார். சரக்கு இல்லையென்றால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆள் நீங்கள். சொல்லுங்கள், எனக்கு ஏதாவது ஊசி இருக்கிறதா?

தம்பி

மார்ச் 14

கண்ணா,

டாக்டரோடு கிளம்பிவிட்டேன். எனக்கு முன்னால் போகிற ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஜன்னலைச் சாத்தி, காற்று படாமல் படுத்திரு. சமையல்காரரை சோப்புப் போட்டுக் கையைக் கழுவச் சொல். உன் எச்சில் அவர் மேல் பட வேண்டாம். மரத்தைப் பற்றி உன்னிடம் யாரும் பேசக் கூடாது.

டாக்டர் பெட்டியில் ஊசி இருக்கிறது. அது சமையல்காரருக்கு. நீ வலி தெரியாமல் தூங்க மருந்து எடுத்திருக்கிறார். உனக்கு நான் வருகிறேன்.

அண்ணன்