விடுபட்ட கழித்தல் குறிகள்

ஜனவரி 8

மத்தியானம் டில்ஷானியின் தாய் றஞ்சிதம் வந்தா. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தையில் இருக்கிற எங்கள் நிலையத்துக்கு, வெயிலில், நாங்கள் அச்சடித்துக் கொடுத்த பிரெயில் கணிதப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு.

"இத வேற பிள்ளைக்குக் குடுங்க மிஸ். டில்ஷானிக்கு கணக்கு வராதாம். டீச்சரே சொல்லிட்டாங்க."

மார்ச்சில் ஓ.எல். பரீட்சை. டில்ஷானிக்கு ஒன்பது வயதில் பார்வை போனது. போன வருட நடுப்பகுதி வரை கணிதத்தில் எண்பதுக்குக் குறையாமல் எடுத்தவள். வகுப்பில் மற்ற எல்லாருக்கும் கண் தெரியும்.

"திடீரெண்டு என்ன நடந்தது?"

"தெரியல்ல மிஸ். தன் மூள அவ்வளவுதான்னு அவளே சொல்றா."

ஜனவரி 9

எப்படி எழுதுவது.

பூபாலசிங்கம் அண்ணை இந்தக் கிழமைதான் வேலைக்குத் திரும்பியவர். பிறவியிலேயே பார்வையில்லாதவர். இங்கே அச்சாகும் ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் வாசித்துப் பிழை பார்ப்பவர் அவர்தான். சிறுநீரகக் கோளாறால் ஜூன் தொடங்கி ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். றஞ்சிதம் விட்டுப்போன புத்தகம் மேசையில் கிடந்தது. தேத்தண்ணி ஆறும்வரை சும்மா தடவிக்கொண்டிருந்தார்.

"ரதி, இதில சய எங்கை?"

"என்ன சய?"

"y சமன் சய இரண்டு x எண்டுதானே வரவேணும். இதில y சமன் இரண்டு x. கீழயும் அப்பிடித்தான்."

பாடப்புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டேன். எண்ணுக்கு முன்னால் வருகிற கழித்தல் குறி, அதுதான் சய, ஒன்றுகூட இல்லை. எழுத்தைப் பிரெயிலாக மாற்றுகிற கணினிக்கு அந்தச் சின்னக் கோடு விளங்கவில்லை, சத்தமில்லாமல் விட்டுவிட்டது. கடைசியில் இருக்கிற விடைகளிலும் அதே கதை. ஒரு பிள்ளை தனியே இருந்து செய்து, விடையையும் பார்த்து, எல்லாம் சரி என்று நினைத்திருக்கும்.

"இதை ஆர் வாசிச்சது?"

அவர் முதற் பக்கத்துக்குத் திருப்பித் தடவினார். யாரும் வாசிக்கவில்லை. ஜூலையில் பிள்ளைகள் காத்திருந்தார்கள், அவர் ஆஸ்பத்திரியில். சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயரை எழுதி நானே அச்சுக்கு விட்டேன்.

"என்ர பேரையோ போட்டனீ?"

தேத்தண்ணியை அவர் குடிக்கவேயில்லை.

ஜனவரி 10

விடுபட்ட குறிகளை எண்ணி முடித்தேன். 214.

ஜனவரி 14

ஒஸ்வால்ட் சேரிடம் சொன்னேன். இந்த நிலையத்தைத் தொடங்கியவர், கெட்ட மனுசன் இல்லை.

"திருத்திப் புதுப் பதிப்பு எண்டு அனுப்புங்க. பிழை எண்டு ஏன் சொல்லோணும்? உதவி தாற ஆக்கள் கேள்விப்பட்டா இந்த இடத்தையே மூட வேண்டி வரும்."

ஆறு பிள்ளைகளிடம் அந்தப் புத்தகம் இருக்கிறது. மற்ற ஐந்து பேரும் என்ன நினைத்துக்கொண்டு இருக்கினமோ. தங்களுக்கு மூளை இல்லை என்றா?

மூடினால் எனக்கும் வேலை இல்லை. அதையும் யோசித்தேன், பொய் எழுதக்கூடாது.

ஜனவரி 19, ஞாயிறு

கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பூசை முடிந்து தாயும் மகளும் வந்திருந்தார்கள். சொல்லிவிட்டேன். புத்தகம்தான் பிழை, நீ இல்லை, வாசித்துப் பார்க்காமல் அனுப்பியது நான் – எல்லாவற்றையும்.

டில்ஷானி கேட்டாள்.

"அப்ப அன்ரி, வரைபு? ரப்பர் பலகைல ஊசி குத்தி நூல் கட்டினது?"

வகுப்பில் நடந்ததாம். வீட்டில் செய்துவந்த கோட்டை டீச்சரிடம் காட்டியிருக்கிறாள். அதே கணக்குக்கு மற்றப் பிள்ளைகளின் கோடெல்லாம் கீழே இறங்க, இவளுடையது மட்டும் மேலே ஏறியதாம். எல்லாரும் சிரித்தார்களாம். அடுத்த கிழமையும் அப்படி. அதற்குப் பிறகு டீச்சர் அவளிடம் கேட்பதையே விட்டுவிட்டா.

"உன்ர புத்தகத்தில இருந்ததுக்கு அதுதான் சரியான கோடு."

"சரியா?"

"ஓம். நீ ஒரு பிழையும் விடேல்லை."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. றஞ்சிதம் என்னைப் பார்க்காமலே சொன்னா: "ஆறு மாசமா இவ தன்னைத்தானே மடச்சி மடச்சின்னு சொல்லி அடிச்சிக்கிட்டா மிஸ். நானும் ஏசினேன்."



பெப்ரவரி 7

திருத்திய புத்தகம் தயார். பூபாலசிங்கம் அண்ணை ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்தார். வேலைக் கதையைத் தவிர என்னோடு ஒன்றும் இல்லை. மற்ற ஐந்து வீட்டுக்கும் உண்மையை எழுதி என் கையெழுத்தோடு அனுப்பினேன். சேர் என்னைக் கூப்பிட்டு, "உங்கட இஷ்டம்" என்று மட்டும் சொன்னார்.

டில்ஷானிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பரீட்சை தொடங்க ஐந்தரைக் கிழமை இருக்கிறது. போதாது.

பெப்ரவரி 23

இது மூன்றாவது ஞாயிறு. அவளோடு இருந்து கணக்குச் செய்கிறேன். விளங்குகிறது அவளுக்கு, சட்டென்று விளங்குகிறது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் "இது சரியா அன்ரி, புத்தகத்தில அப்பிடியேதானா" என்று நிற்கிறாள். முந்தி இப்படிக் கேட்கிற பிள்ளை இல்லையாம்.

மார்ச் 20

இன்று கணிதப் பரீட்சை. டில்ஷானி வீட்டுக்கு ஃபோன் பண்ணினேன், ஆரும் எடுக்கவில்லை.

ஜூலை 12

பரீட்சை முடிவு நேற்று இரவு வந்தது. தமிழ் ஏ, வரலாறு ஏ, சமயம் ஏ, மற்றதெல்லாம் பி. கணிதம் மட்டும் சித்தியில்லை, ஃபெயில்.

காலையில் போனேன்.

"தாள் கஷ்டமா?"

"இல்ல அன்ரி. தெரிஞ்ச கணக்குதான்." விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தாள். "சய வந்த இடமெல்லாம் நின்டுட்டேன். உண்மையா இருக்கா, பிழையா அடிச்சிட்டாங்களா எண்டு. சய இல்லாத இடத்திலயும் நின்டேன், விட்டுட்டாங்களோ எண்டு. திரும்பத் திரும்பத் தடவினேன். பாதிதான் செஞ்சேன், மணி அடிச்சிட்டுது."

"திரும்ப எழுதுவியா?"

"தெரியாது."

பிரெயில் வாசிக்கிறதை விட்டுவிட்டாளாம். பாடங்களை ஃபோனில் யாராவது பேசிப் பதிந்து தந்தால் கேட்பாளாம்.

றஞ்சிதம் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்து, சீனி அளவாக இருக்கிறதா என்று கேட்டா. ஓம் என்றேன். வெளியே போங்கோ என்று அவ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குடித்து முடித்துவிட்டு வந்தேன்.