மாதுளஞ்சாறு பிழிந்த மூன்று வாரம்

நவம்பர் 14, இரவு

மழை விட்டுவிட்டது. மூடுபனி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ணை மூடினால் அந்தச் சிவப்புச் சாறுதான் தெரிகிறது.

மாதுளம்பழம் இரத்தத்துக்கு நல்லது என்று யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள். அதை நம்பி நுவரெலியா மார்க்கெட்டில் பழம் வாங்கி, மூன்று வாரமாகக் காலையும் மாலையும் என் வீட்டுக்காரருக்குப் பெரிய கிளாஸ் நிறையப் பிழிந்து கொடுத்தேன். அவர் பிரஷர் மாத்திரை போடுகிறவர் என்பதை நான் யோசிக்கவே இல்லை. இன்று காலை எங்கள் தோட்டத்து லய வீட்டுப் படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார்.

கிளினிக்கில் பார்த்தபோது பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. யாழ்ப்பாணத்து டொக்டரம்மா கோபப்படவில்லை. "பழம் நல்லதுதான், ஒரு கைப்பிடி சாப்பிடலாம். ஆனா இவ்வளவு சாறு இவர் போடுற குளிசையோட சேர்ந்தா பிரஷர் இன்னும் இறங்கலாம். அதுக்காகக் குளிசைய நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "ஒரு வாரமாவே தல சுத்துச்சு."

"ஏங்க சொல்லல?"

"நீ புழியிறப்பதான் நாம ரெண்டு பேரும் ஒக்காந்து பேசுறோம். வேணாம்னா அதுவும் போயிரும்னு நெனச்சேன்."

பஸ் மேகத்துக்குள் ஏறியது. தேயிலைச் செடிகள் மிதப்பதுபோல் இருந்தன. இனிமேல் சாயங்காலம் வெறும் பிளேன்டீ போதும், நான் பக்கத்திலேயே உட்காருகிறேன் என்று சொல்லத் திரும்பினேன். அதற்குள் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி படுத்துவிட்டார். நாளைக்குச் சொல்ல வேண்டும்.