சக்கரம் ஓடும் வரை

பட்டறை அலமாரியில் ஸ்பேனர் தேடும்போது நீ செய்த மண் டம்ளர் ஒன்று கையில் அகப்பட்டது. செய்தித்தாளில் சுற்றியபடி, ஒருமுறைகூடப் புழங்காமல் கிடந்தது. தாகமாக இருந்ததால் யோசிக்காமல் அதில் தண்ணீர் பிடித்தேன். மண் சிர்ரென்று உறிஞ்சியது. உடனே அந்த வாசனை எழுந்தது. புது மழை வாசனை என்று கண்ணை மூடிக்கொண்டு எல்லாரும் ரசிப்பார்களே, அதேதான். எனக்கு இப்போது அது ஆகவில்லை. தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு வேலை ஓடவில்லை. அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீட்டி முழக்க எனக்கு வராது. அது உனக்குத் தெரியும்.

அந்த டம்ளருக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மண்ணை மேலே இழுக்கும்போது உன் விரல் பதித்த வரி, அடியிலிருந்து விளிம்புவரை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. சக்கரத்தை வலது காலால் தள்ளுகிறவர்கள் செய்த பாத்திரத்தில் வரி ஒரு பக்கமாக ஏறும். உன்னுடையதில் அதற்கு எதிர்ப்பக்கம். காரணம் சாதாரணமானது. பாலிடெக்னிக் மைதானத்தில் பந்தை இடது காலால் மட்டுமே உதைக்கத் தெரிந்தவன் நீ. அதனால் உனக்குச் சக்கரம் செய்தபோது உட்காரும் பலகை, கால் தாங்கி எல்லாவற்றையும் இடது காலுக்குத் தோதாக மாற்றி வைத்தேன். இடது காலால் தள்ளினால் சக்கரம் மறுபக்கம் சுற்றும், வரியும் மறுபக்கம் ஏறும். அவ்வளவுதான்.

நீ அதையும் விற்றாய். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் தலை துவட்டிக்கொண்டு வருகிறவர்களை நிறுத்தி, "அண்ணாச்சி, உள்ள பாருங்க. வலம்புரி டம்ளரு. லட்சத்துல ஒண்ணுதான் இப்படி அமையும்" என்பாய். உன் முதுகுக்குப் பின்னால் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக லட்சத்தில் ஒன்றுகள் அடுக்கியிருக்கும். அது வலம்புரியா இடம்புரியா என்பதுகூட உனக்கு நிச்சயமாகத் தெரியாது.

மோட்டார் போட்டுத் தருகிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். சீசன் காற்றில் உங்கள் ஊர் அச்சன்புதூரில் கரண்ட் நிற்காது, பாதியில் போனால் மண் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா என்று கேட்பாய். சரி, உன் கால், உன் வலி என்று விட்டுவிட்டேன். பழைய டிராக்டர் ரிம்முக்குள் கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றி அடிச்சக்கரம் செய்தோம். அதன் நடுவில் ஷாஃப்ட், மேலே தட்டு. நாலு தள்ளு தள்ளிவிட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டால் சக்கரம் தன் கனத்திலேயே ஓடும்; அது ஓயும்முன் நீ ஒரு டம்ளரை இழுத்துவிடுவாய். கான்கிரீட் ஒரு பக்கம் கொஞ்சம் கனமாக விழுந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டொக்’ என்று ஒரு சத்தம். எத்தனை ஈயத்துண்டு வைத்துச் சரிக்கட்டியும் அது போகவில்லை. எனக்கு அது எரிச்சல். உனக்கு அதுதான் தாளம். "கெடக்கட்டும்லே, பேச்சுத்துணைக்கு" என்றாய்.

ஐப்பசி மழையில், ஆலங்குளம் சாலையில், நீ போனாய். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

ஆனியில் சாரல் தொடங்கிய வாரத்தில் உன் அக்கா புளியங்குடியிலிருந்து போன் செய்தாள். "தம்பி, அந்தச் சக்கரத்தக் கழட்டி எடுத்துட்டுப் போயிரு" என்றாள். உன் அம்மா நாள் முழுக்கக் கொல்லையில் சக்கரம் இருக்கிற கொட்டகையிலேயே கிடக்கிறாளாம். ஆக்கி வைத்த சோறு அப்படியே இருக்கிறதாம். தன்னோடு வந்துவிடச் சொல்லி அழைத்துப் பார்த்தும் அசையவில்லை. இப்படியே விட்டால் அடுத்த காரியம் அம்மாவுக்குத்தான் என்றாள். வேறு ஏதோ சொல்ல வந்தாள். என்ன என்று கேட்டதற்கு, "போன்ல வேண்டாம், நீயே வந்து பாரு" என்று வைத்துவிட்டாள். பாதியில் நிறுத்துகிற பேச்சு எனக்குப் பிடிக்காது. கோபத்தோடுதான் டூல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். முக்கிலேயே பைக்கை நிறுத்திவிட்டு நடந்தேன். நல்ல பகல். சாரல் விழுவதும் தெரியவில்லை, சட்டை மட்டும் நனைந்துகொண்டிருந்தது. உங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் திரும்பும்போதே கேட்டுவிட்டது. டொக். டொக். டொக்.

சக்கரத்தை யாருக்கோ வாடகைக்கு விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கொட்டகைக் கதவைத் தள்ளினேன். உன் அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உன் பலகையில் உட்கார்ந்திருந்தாள். சேலையை முழங்காலுக்குச் சுருட்டி, இடது காலால் அடிச்சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தலை கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்திருந்தது, நீ சாய்ப்பதுபோல. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"ஏலே, வாசல்ல நிக்காத. ஈரக்காத்து உள்ள வருது. கதவச் சாத்து."

நான் சாத்திவிட்டேன். கொக்கியையும் போட்டுவிட்டேன். அதன்பிறகுதான் உறைத்தது. உன் அம்மா என்னை ஒருநாளும் ஏலே என்று கூப்பிட்டதில்லை. பிறத்தியார் வீட்டுப் பிள்ளை என்று எப்போதும் தம்பிதான். தொண்டை அவளுடையது. வேகம் உன்னுடையது. கடைசிச் சொல்லைப் பாதி விழுங்குகிற அவசரம் உன்னுடையது. குரலை மட்டும் மாற்றி வைத்து உன்னையே உட்கார வைத்ததுபோல இருந்தது.

கால் நின்றது. சக்கரம் தன் கனத்தில் ஓடியது. நான் போட்ட பேரிங், லேசில் நிற்காது. நல்ல பேரிங் போட்டதற்காக வாழ்க்கையில் முதன்முறையாக வருத்தப்பட்டேன். கடைசி ‘டொக்’ விழுந்து தட்டு நின்ற பிறகு அவள் திரும்பினாள்.

"யாரு, தம்பியா? எப்ப வந்த? ஏன் நனைஞ்சிட்டு நிக்க?"

முகம் அவளுடைய முகம். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. தன் கைகளைத் தூக்கி, ஏதோ அடுத்த வீட்டுப் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "இவனப் பாரு. மண்ணப் பூரா என் கையில அப்பிட்டுப் போயிட்டான்" என்று சிரித்தாள். தட்டின் மேல் ஈரம் மினுங்க ஒரு டம்ளர் நின்றது. உள்ளே விரல் வரி. எதிர்ப்பக்கம்.

அடுக்களையில், புளியங்குடியிலிருந்து வந்திருந்த உன் அக்காவிடம் விளக்கினேன். பலகை இடது காலுக்கு அமைத்தது, யார் உட்கார்ந்தாலும் வரி அப்படித்தான் ஏறும். அம்மா இத்தனை வருஷமாக மண் பிசைந்து கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தவள், பார்த்துப் பார்த்தே கை பழகியிருக்கும். இதில் பயப்பட ஒன்றுமில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பேச்சு? அதுவும் உன் பேரிங்ல இருந்துதான் வருதோ?" என்றாள்.

தென்காசியில் டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டில் பேயோட்டுகிற கோடாங்கியிடம் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். அக்காவுக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. அந்தச் சக்கரம் கண்ணில் படாத இடத்துக்கு அம்மாவைக் கொண்டுபோனால் போதும் என்றாள். ஆனால் கழட்டப்போகிறோம் என்று சொன்னதற்கு அம்மா ஒரே பதில் சொல்லியிருக்கிறாள்: "அவன்ட்ட கேட்டுட்டுக் கழட்டுங்க. கேக்காம கை வச்சீங்கன்னா நான் இங்கனயே கெடந்து செத்துருவேன்."

"யாருட்ட கேக்க?" என்றேன். சத்தமாகவே கேட்டிருக்க வேண்டும்.

அக்கா கொல்லைப் பக்கம் பார்த்தாள். கொட்டகையில் மறுபடி டொக், டொக் கேட்கத் தொடங்கியிருந்தது. "உன் கூட்டாளிதான தம்பி. நீ கேளு" என்றாள். "என்னால முடியல. அந்தப் பேச்சக் கேட்டா எனக்கு ஈரக்குலை நடுங்குது."

நான் டிப்ளமோ மெக்கானிக்கல். நாலு போல்ட்டைக் கழட்ட இறந்துபோனவனிடம் அனுமதி கேட்கிற ஆள் இல்லை. ஆனாலும் போனேன். நீ வேலை செய்யும்போது நான் கவிழ்த்துப் போட்டு உட்காரும் பக்கெட் அதே மூலையில் இருந்தது. அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அம்மா" என்றேன். காது கேட்காததுபோலக் கால் தள்ளிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். இல்லை. எனக்கு வாய் கூசியது. கடைசியில், உன்னைக் கூப்பிடுகிறாற்போலக் கூப்பிட்டேன்.

"ஏலே."

"சொல்லு."

கண் மண்ணை விட்டு எழவில்லை. பெருவிரல் நடுவில் இறங்கிக் குழி திறந்துகொண்டிருந்தது. கேட்க வேண்டியது சக்கரத்தைப் பற்றி. ஆனால் என் வாயில் வந்தது வேறு. ஐப்பசியிலிருந்து தொண்டையில் கிடந்தது போல.

"வலிச்சுதாலே?"

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. "அத விடுலே. மண்ணு காயுது, தண்ணிய இங்கன தள்ளு."

தண்ணீர்ச் சட்டியைத் தள்ளினேன். கொஞ்சம் தரையில் சிந்தியது. அவள் விரலை நனைத்துக்கொண்டு மண்ணை மேலே இழுத்தாள். மெல்லிசாக, சீராக ஏறியது. நீ நன்றாக இருந்த நாட்களில் ஏறுவதுபோல. இனி தள்ளிப்போட்டால் எனக்குக் கேட்க வராது என்று தெரிந்தது.

"இதக் கழட்டட்டுமா?"

கால் நின்றது. கை நிற்கவில்லை. சக்கரம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்த டொக்குகளுக்கு நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. நின்றுவிட்டால் நீ போய்விடுவாய். பதில் வராமலே போய்விடும் என்று நினைத்தபோது அவள் பேசினாள்.

"அம்மை ரொம்ப மெலிஞ்சிட்டா. பாத்தியா? நான் இங்கன இருக்க வரைக்கும் அவ சாப்பிட மாட்டா. கழட்டிரு. அக்காகூட அனுப்பி வை."

தன்னைப் பற்றித்தான் சொன்னாள். அந்த ஒட்டிய கன்னத்தோடு, அந்த எலும்புக் கையோடு, வேறு யாரோ ஒரு கிழவியைப் பார்த்துக் கவலைப்படுவதுபோலச் சொன்னாள். இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். இழுத்த டம்ளரை உள்ளங்கையால் ஒரே அமுக்காக அமுக்கி உருண்டையாக்கினாள். தட்டு தயங்கித் தயங்கி நின்றது. கூரையில் சாரல் விழுவது அப்போதுதான் எனக்குக் கேட்டது.

"என்ன சொன்னான்?" என்றாள் உன் அம்மா. என்னைப் பார்க்காமல், சட்டித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே.

அவள் வாயிலிருந்து வந்ததை அவளிடமே திருப்பிச் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முழுதும் கேட்டாள். முந்தானையால் விரல் விரலாகத் துடைத்தாள்.

"எப்பப் பாரு, என் சோத்து மேலதான் அவனுக்குக் கண்ணு" என்றாள். பிறகு எழுந்து, "சரி. மூத்தவளச் சோறு எடுத்து வைக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குள் போனாள்.

அவள் சாப்பிடும்போதே கழட்டினேன். அடுக்களையில் கரண்டிச் சத்தம், இங்கே என் ஸ்பேனர் சத்தம். துரு ஏறாத நட்டுகள், சுலபமாக வந்துவிட்டன. மறுநாள் குட்டியானை லோடு வண்டி வைத்து எடுத்து வந்தேன். அன்றே அக்காவோடு அவள் பஸ் ஏறிவிட்டாள். கொட்டகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அக்கா சொன்னாள்.

என் கணக்கு இதுதான்: கிளம்ப வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. உன்னை விட்டுவிட்டுப் போகிறேன் என்று சொல்லத் தாய்க்கு வாய் வரவில்லை. அதனால் நீயே போகச் சொன்னதாக ஆக்கிக்கொண்டாள். பட்டறையில் வெல்டிங் வெளிச்சத்தில் யோசித்தால் இது சரியாக உட்காருகிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இடிக்கிறது. அன்றைக்கு அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. வாசலில் நிற்பது ஏலே என்று கூப்பிடக்கூடிய ஆள் என்று எப்படித் தெரியும்? பைக் சத்தம் என்று சொல்லிக்கொள்வேன். பைக் தெருமுக்கில் நின்றது. அதற்கு மேல் யோசிப்பதில்லை. தட்டையும் ஷாஃப்டையும் அடிச்சக்கரத்தையும் பட்டறையில் வேறுவேறு மூலையில் வைத்திருக்கிறேன். ஒன்றாகச் சேர்த்து வைக்கவில்லை. ஏன் என்று கேட்காதே.

வேலையாகப் புளியங்குடிப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வருகிறேன். உடம்பு தேறியிருக்கிறாள். மருமகன் மண்டியிலிருந்து வரும் எலுமிச்சையில் அடிபட்டதைப் பொறுக்கி ஊறுகாய் போடுகிறாள். உப்பு அதிகம். வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது அவள் முகத்தை அல்ல, இடது காலை. நாற்காலிக்குக் கீழே அது சும்மா இருக்கிறதா, தரையைத் தள்ளுகிறதா என்று. இதுவரை சும்மாதான் இருக்கிறது. "வா தம்பி" என்கிறாள். தம்பி என்று கேட்டதும் நிம்மதியாக இருக்கிறது. அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அவள் அவளாக இருக்கிறாள் என்று அதற்கு அர்த்தம்.

ஆனால் அவள் வாயைத் திறப்பதற்கும் அந்தச் சொல் வருவதற்கும் நடுவில் ஒரு நொடி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த நொடியில் நான் வாசலிலேயே நின்றுவிடுகிறேன். உன்னைக் கேட்டுவிடக்கூடாது என்று நிற்கிறேனா, கேட்டுவிட வேண்டும் என்று நிற்கிறேனா என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை.