பரிசோதனை அறைக் கதவில் கட்டிய ரிப்பன்

அனுப்புநர்:
ஆ. சாராள் (வயது 41),
க/பெ. (காலஞ்சென்ற) டேனி,
செம்பருத்தி நகர், பட்டாபிராம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருவள்ளூர்.

பொருள்: செம்பருத்தி நகர் நலமையம் – கருப்பைவாய்ப் புற்றுநோய் பரிசோதனை அறை – கதவில் கட்டப்பட்டுள்ள ரிப்பனுக்குத் தீர்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா / ஐயா,

1. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதி ஆடை கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். எச்.ஐ.வி. தொற்றுடன் பல வருடங்களாக வாழ்கிறேன். மாத்திரையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. கிருமி கட்டுக்குள் இருக்கிறது. இம்மனுவைக் குறைதீர் கூட்டத்தில் மைக்கில் வாசிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

2. எங்களைப் போன்ற பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்றும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்திவிடலாம் என்றும் எச்.ஐ.வி. மாத்திரை தரும் கூட்டு மருந்து மையத்து டாக்டர் சொன்னார். எனக்கு மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் உதிரம் படுகிறது. உடனே பரிசோதனை செய்யுங்கள் என்றார். கையுறையும் விளக்கும் காடி (வினிகர்) போன்ற ஒரு திரவமும் இருந்தால் சில நிமிடங்களில் முடிகிற சோதனை.

3. மேற்படி நலமையத்தில் இதற்கென்றே புது அறை கட்டி, கட்டில், விளக்கு, திரைச்சீலை எல்லாம் வைத்து, செவிலியர் கிருஷ்ணப்பிரியா அவர்களையும் நியமித்துள்ளார்கள். அவர் பின்வாசல் வழியாகத் தினமும் உள்ளே சென்று, கட்டிலைத் துடைத்துவிட்டு, மாலையில் வீடு திரும்புகிறார். பின்வாசல் ஊழியர்களுக்கு மட்டுமாம். முன்வாசலில் ரிப்பன் கட்டியிருக்கிறது. திறப்பு விழா இன்னும் நடக்கவில்லை.

4. முதலில் சிறப்பு விருந்தினர் வெளிநாடு போயிருந்தார். வந்ததும் ஆடி பிறந்தது. ஆடி போனதும் மழை. மழை விட்டதும் மார்கழி. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள், தையும் பிறந்துவிட்டது. ரிப்பன் மட்டும் வெயிலில் வெளுத்ததால் ஒரு முறை மாற்றப்பட்டது.

5. குனிந்து போகலாமா என்று காவலாளி ஏகாம்பரம் அவர்களிடம் கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “இன்னாக்கா நீ, தொறப்பு விழாவே ஆவல, அதுக்குள்ள பூந்துகினு போனா என் வேலைக்கி யார் பதில் சொல்றது? நான் வேணா கண்ண மூடிக்கிறேன், அந்த கேமரா மூடிக்குமா?” அவர் நல்ல மனிதர். அவர் மீது நடவடிக்கை வேண்டாம்.

6. சென்ற மாதம் ஓர் ஆடு வந்து ரிப்பனின் பாதியைத் தின்றுவிட்டது. இன்றாவது திறப்பார்களா என்று அன்று வரிசையில் நின்ற நாங்கள், அறை திறந்துவைக்கப்பட்டதாகக் கருதி உள்ளே போகலாமா என்று கேட்டோம். ஆட்டின் பெயர் அழைப்பிதழில் இல்லை என்று பதில் வந்தது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் புது ரிப்பன் கட்டிவிட்டார்கள். இவ்வளவு வேகமாக அந்த மையத்தில் வேறு எந்த வேலையும் நடந்து நான் பார்த்ததில்லை. ஆட்டின் மீதும் நடவடிக்கை வேண்டாம். எங்களுக்காக முயற்சி எடுத்தது அது ஒன்றுதான்.

7. வரிசை நிற்கும் இடத்தில் பெரிய வளைவு வைத்து, “எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இலவசப் பரிசோதனை. ரகசியம் காக்கப்படும்” என்று எழுதியிருக்கிறார்கள். எதிரே பஸ் ஸ்டாப். ஆவடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெளிவாகப் படிக்கலாம். கீழே நிற்கும் எங்களையும் பார்க்கலாம். நாங்கள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறோம்.

8. வேறு ஆஸ்பத்திரிக்காவது போகிறேன், பரிந்துரைச் சீட்டு கொடுங்கள் என்று நலமையத்தில் கேட்டேன். அதுவும் முடியாதாம். விழாவில் பொன்னாடை போர்த்த “முதல் பயனாளி”யாக என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். நான் வெளியே பரிசோதனை செய்துவிட்டால் முதல் பயனாளிக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். சீட்டு இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்கள் ஏரியாவிலேயே எல்லா வசதியும் வந்துவிட்டதே என்று திருப்பி அனுப்பினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது இதுதான்.

9. என்னுடன் மாத்திரை வாங்க வரும் சரசாவுக்கும் இதே போல்தான் உதிரம் பட்டது. அவர் காட்டிக்கொள்ளாமல் இருந்துவிட்டார். இப்போது படுத்த படுக்கையாக இருக்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. என் மகள் ஜெபிஷா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு அப்பா முகம் நினைவில்லை. என் முகமாவது அவளுக்கு வேண்டும். இத்தனை வருடம் கிருமியிடம் தோற்காத நான் ஒரு முழ ரிப்பனிடம் தோற்பதா என்று கேட்கிறேன். டிசம்பர் முதல் தேதி எங்களுக்காக அதிகாரிகள் எல்லாரும் சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொள்கிறார்கள். ரிப்பன் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அது சட்டையில் இருக்கட்டும், கதவில் வேண்டாம்.

10. விழாவைத் தடுப்பது என் நோக்கமல்ல. ஆகவே இப்படி ஒரு வழி சொல்கிறேன். நான் தையல்காரி. ஒரே ஒரு நாள் காலை ரிப்பனை வெட்ட எனக்கு அனுமதி அளிக்க வேண்டும். வரிசையில் உள்ள பெண்கள் அனைவருக்கும் பரிசோதனை முடிந்ததும், மாலைக்குள் அதைத் தைத்துப் பழையபடி கட்டிவிடுவேன். சிறப்பு விருந்தினர் எப்போது வந்தாலும் வெட்டலாம். நானும் முதன்முறை உள்ளே போவது போல் போய், பொன்னாடை வாங்கிக்கொள்வேன்.

என் தொழில் திறமைக்குச் சான்றாக, ஆடு விட்டுச்சென்ற ரிப்பன் துண்டை நடுவில் வெட்டி, மறுபடி தைத்து இம்மனுவுடன் இணைத்துள்ளேன். தையல் எங்கே இருக்கிறது என்று தாங்கள் கண்டுபிடித்தால் இம்மனுவைத் தள்ளுபடி செய்யலாம். கண்டுபிடிக்க முடியாவிட்டால், தயவுசெய்து இந்த வாரமே உத்தரவிட வேண்டுகிறேன். உதிரம் நிற்கவில்லை.

இடம்: பட்டாபிராம்
நாள்: 19.01.2026

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆ. சாராள்
(முதல் பயனாளி; இன்னும் பயன் பெறாதவர்)

இணைப்பு: ரிப்பன் துண்டு – 1