பலூன் மாதிரி

மார்ச் 4

தம்பிக்கு,

என் வேலையைப் போகவைத்தது நீ. வேறு யாரும் இல்லை.

போனில் கேட்டால் "அப்புறம் பேசுறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். இதையாவது முழுசாகப் படி.

நேற்று காலைப் பலூனை விட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் வானிலை நிலையத்து வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. உங்கள் விமானத் தளத்திலிருந்து இரண்டு அதிகாரிகள். எங்கள் நிலைய அதிகாரி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர்களுக்கு நாற்காலி போட்டார்கள். எனக்குப் போடவில்லை.

"போன வியாழக்கிழமை மத்தியானம் பலூன் விட்டீங்களா?"

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அவ்வளவுதான் சார், மத்தியானம் விடுகிற வழக்கமே இல்லை என்றேன்.

"ரெண்டு போர் விமானம் உங்க பலூன்ல மோத இருந்துச்சு. பைலட்டே ரிப்போர்ட் குடுத்திருக்கார்."

அறையில் மிச்சமிருக்கிற பலூன்களை எண்ணிப் பாருங்கள் என்றேன். "எண்ணிக்கை நீங்கதானேம்மா வச்சுக்கிறீங்க?" என்று சிரித்தார் ஒருவர். மற்றவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுவியும் போகாமல் பலூன் பவுடர் ஒட்டியிருந்தது. அதுவே பெரிய சாட்சி என்பதுபோல.

அவர்கள் போன பிறகுதான் நிலைய அதிகாரி மெதுவாகச் சொன்னார். "அந்த பைலட் யாரு தெரியுமாம்மா? உங்க தம்பியாம்."

விசாரணை முடியும்வரை நான் உள்ளே போகக்கூடாது. நான் ஒப்பந்தக்காரி என்பதால் அதை எழுதிக்கூடத் தரமாட்டார்கள். உங்களுக்கெல்லாம் உத்தரவு வரும். எங்களுக்கு "நாளைலேர்ந்து வராதீங்க" என்று வாய்ப்பேச்சுதான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. லீவு என்று சொல்லியிருக்கிறேன். நான் பலூன் விடவில்லை. நீ என்ன ரிப்போர்ட் கொடுத்தாய்?

அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்திலும் உன் கையெழுத்து முத்து முத்தாகத்தான் இருக்கிறது. எனக்குச் சந்தோஷத்தில் எழுதினாலும் கோழி கிளறிய மாதிரி வருகிறது. நீ நலமா? வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ கோபம் வந்தால் முதலில் பட்டினி கிடப்பவள்.

நான் உன் பேரைச் சொல்லவே இல்லை, நம்பு. ரிப்போர்ட்டை எழுதியது நானும் இல்லை. மேலே உள்ளவர்கள் எழுதினார்கள். நான் படித்துக் கையெழுத்துப் போட்டேன். அதற்குமேல் தளத்து விஷயத்தை எழுதக்கூடாது. போன் பேச்செல்லாம் பதிவாகிறது, அதனால்தான் வைத்துவிடுகிறேன்.

இது சும்மா பேருக்கு நடக்கும் விசாரணை. "கவனக்குறைவாக ஒன்றை விட்டுவிட்டேன்" என்று நீ ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும். எங்கள் கமாண்டர் நல்ல மனிதர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். "உங்க அக்காவை ஏன் அந்தக் கொட்டகையில கஷ்டப்படவிடறே? நம்ம தளத்துலயே நிரந்தரமா ஒரு வேலை போட்டுடலாம்" என்றார். வானிலைப் பிரிவுதான். ஏ.சி. அறை. கேஸ் சிலிண்டரை உருட்ட வேண்டாம். திரை முன்னால் உட்கார்ந்திருந்தால் போதும்.

யோசித்துப் பார், அக்கா. நல்லது தானாக வந்து கதவைத் தட்டுகிறது.

அன்புத் தம்பி

*

மார்ச் 13

தம்பிக்கு,

ஏ.சி. அறைக்கு ரொம்ப நன்றி. உன் கமாண்டரிடம் சொல், அவர் தட்டிய கதவுக்குள் ஆள் இல்லை என்று.

நீ யாரோ ஒரு பைலட்டாக இருந்தால் மன்னித்திருப்பேன். பலூன் என்றால் என்னவென்று தெரியாதவன் எதை வேண்டுமானாலும் பலூன் என்பான். உனக்குத் தெரியாதா? லீவில் வந்தபோது பலூனில் கேஸ் நிரப்புகிற கொட்டகைக்குள் வந்து நின்றவன்தானே நீ. நைலான் துணியில் தீப்பொறி வரும், கேஸ் பற்றிக்கொள்ளும், பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு வா என்றதற்கு அப்பாவின் பழைய சட்டையில் வந்து நின்றாய். பலூனை வெளியே கொண்டுபோய்க் கயிற்றை உன் கையில் கொடுத்தேன். ஒரு காற்று அடித்ததும் "அய்யோ அக்கா, என்னையே தூக்கிட்டுப் போயிடும் போல!" என்று கத்தினாய். போர் விமானம் ஓட்டுகிற ஆம்பிளை! என்னோடு கேஸ் சிலிண்டர் உருட்டுகிற சிலிண்டர் அண்ணன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

என் பலூன் வெள்ளையாக இருக்கும். அதன் கீழே கயிற்றில் ஒரு பெட்டி தொங்கும். மேலே போகப் போக வீட்டு அளவுக்கு உப்பி, வெடித்து, பெட்டி மட்டும் சின்னக் குடையில் இறங்கி யாராவது ஒருவர் வயலில் விழும். அதற்கு மூளை கிடையாது. காற்று எந்தப் பக்கம் போகச் சொல்கிறதோ அந்தப் பக்கம் போகும். உன்னைப்போல.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன். "பெரியவங்க சொல்றாங்கன்னா ஒரு கையெழுத்துதானேடி, போட்டுத் தொலையேன். தம்பி நல்லா இருக்கணும்ல?" என்கிறாள். நான் நல்லா இருக்கணும் என்று இந்த வீட்டில் யாரும் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பதே இல்லை.

செய்யாததைச் செய்தேன் என்று எழுதினால் அது இதோடு நிற்குமா? நாளைக்கு உங்கள் விமானம் ஒன்று எங்கேயாவது விழுந்தால் அதற்கும் என் பலூன்தான். ஏற்கனவே ஒருமுறை விட்டவள் ஆயிற்றே.

சரி, அதை விடு. நான் கேட்பது வேறு. நான் பலூன் விடவில்லை. அப்படியென்றால் நீ எதைப் பார்த்தாய்? பயந்துவிட்டாயா? அதிகாரிக்குச் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்.

அக்கா

*

மார்ச் 20

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. தளத்துக்கு ரொட்டி வண்டி ஓட்டிவருகிறவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

அன்று நானும் வாத்தியாரும் தனித்தனி விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். வாத்தியார் என்பது எங்கள் சீனியர் பைலட்டுக்கு நாங்கள் வைத்த பேர். தூக்கத்தில்கூடத் தப்புக் கண்டுபிடிப்பார். கீழே ஒரு கிழிசல்கூட இல்லாமல் மேகம். மேலே வெயில். எங்கள் இரண்டு விமானங்களின் நிழல்களும் அந்த மேகத்தின்மேல் ஓடிவந்துகொண்டிருந்தன. எனக்கு அதைப் பார்ப்பது பிடிக்கும். குனிந்து பார்த்தேன்.

நிழல் மூன்று இருந்தது.

மூன்றாவது நிழல் வட்டமாக இருந்தது. தலையைத் தூக்கினேன். எனக்கும் வாத்தியாருக்கும் நடுவில் அது இருந்தது. இறக்கை இல்லை, வால் இல்லை, புகை இல்லை, ஜன்னல் இல்லை. ஒரு தையல், ஒரு ஆணி, ஒரு ஒட்டு எதுவும் இல்லை. மழைக்கு முந்தின வானத்தின் நிறம். நாங்கள் போகிற வேகத்துக்குக் காற்று எங்களை அறைந்துகொண்டிருந்தது. அதன்மேல் காற்றே படாத மாதிரி இருந்தது. சுவரில் மாட்டிய படம் அசையாமல் இருக்குமே, அப்படி. ஆனால் எங்களோடு வந்துகொண்டும் இருந்தது. சூட்டைக் காட்டுகிற திரையில் பார்த்தேன். வாத்தியாரின் எஞ்சின் வெள்ளையாக எரிந்தது. அது இருந்த இடத்தில் வெறும் குளிர்ந்த வானம்தான் தெரிந்தது.

நான் மெதுவாகத் திரும்பினேன். அதுவும் திரும்பியது. துரத்துகிற மாதிரி இல்லை. பேசிக்கொண்டே கூட நடக்கிறவர்கள் திரும்புவார்களே, அந்த மாதிரி.

ரேடியோவில் வாத்தியாரின் மூச்சு மட்டும் கேட்டது. கீழேயிருந்து "என்ன பாக்குறீங்க? என்ன அது?" என்று கேட்டார்கள். எனக்கு வார்த்தை வரவில்லை, அக்கா. இவ்வளவு படித்து, இவ்வளவு பயிற்சி எடுத்து, அதற்கு ஒரு வார்த்தை இல்லை. வானத்தில் உருண்டையாக ஒன்று என்றால் என் தலைக்குள் இருப்பது நீ விடுவது ஒன்றுதான். "பலூன் மாதிரி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கீழே எழுதும்போது "மாதிரி"யை வெட்டிவிட்டார்கள்.

பிறகு அது போயிற்று. எப்படிப் போயிற்று என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் நிழல் போனது. மேகத்தின்மேல் இருந்த அந்த வட்டம் நழுவி, அடிவானம்வரைக்கும் ஓடி மறைந்தது. அது மட்டும் நிழலே இல்லாமல் வெயிலில் எங்கள் பக்கத்திலேயே நின்றது. பொருள் போனால்தானே நிழல் போகும்? அதற்கு அப்புறம்தான் அது கிளம்பியது. நிழல் போன அதே வழியில். அந்த வேகத்துக்கு வானமே இடிந்திருக்க வேண்டும். ஒரு சத்தம் இல்லை. என் விமானம் குலுங்கக்கூட இல்லை.

பயந்தாயா என்று கேட்டாய். இல்லை. கூச்சமாக இருந்தது. யாரோ தூங்குகிற அறைக்குள் சத்தமாகப் பேசிக்கொண்டு நுழைந்துவிட்டால் வருமே, அந்தக் கூச்சம். இறக்கைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஏவுகணையைக் கட்டிக்கொண்டு நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தோன்றியது.

இறங்கியதும் வாத்தியார் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கேட்டார். "ஏதாவது பாத்தியா?"

"நீங்க பாக்கலையா சார்?"

"நான் இன்னும் கொஞ்ச வருஷம் பறக்கணும்டா."

இங்கே முன்பு ஒருவர் இப்படிப் பார்த்ததை அப்படியே எழுதிக் கொடுத்தாராம். மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். இப்போது கிடங்கில் போர்வை எண்ணுகிறார். அவர் கேன்டீனுக்குள் வந்தால் பையன்கள் அண்ணாந்து பார்த்து டாட்டா காட்டுகிறார்கள்.

எனக்குப் பறப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. தரையில் நான் யார்? உன் காலில் விழுகிறேன், கையெழுத்துப் போட்டுவிடு.

தம்பி

*

மார்ச் 24

தம்பி,

கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். மூன்று நிழல் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். துணி உலர்த்துகிற கொடிக்கு மேலே வெறும் நீல வானம். இத்தனை வருஷம் காலையும் மாலையும் அதற்குள் ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தவள் நான். எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், எந்தப் பக்கம் காற்று என்று மட்டும்தான் அதைக் கேட்டிருக்கிறேன். அங்கே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டதே இல்லை.

நிழல் முதலில் போனது என்று படித்ததும் என் நிழலைக் குனிந்து பார்த்துக்கொண்டேன், காலோடுதான் இருக்கிறதா என்று. சிரிக்காதே. உன்மேல் பொறாமையாக இருந்தது. கோபம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

அப்புறம் கோபம் திரும்பி வந்தது. அப்படிப்பட்ட ஒன்று உன் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது. யாருக்குக் கிடைக்கும்? நீங்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து அதற்கு வைத்த பேர், என் கவனக்குறைவு.

உங்களுக்கு வானம் முழுக்கச் சொந்தம். அதில் புரியாதது ஒன்று வந்துவிட்டால் மட்டும் தரையில் கேஸ் பிடிக்கிற பொம்பளை ஒருத்தி வேண்டும், பழியைப் போட.

வீட்டுப் பக்கம் வந்த சிலிண்டர் அண்ணன் கடிதத்தைப் பார்த்துவிட்டார். "லெட்டரப் பத்திரமா வைம்மா. விசாரணைல எடுத்து நீட்டு. அவனுங்க மூஞ்சி போற போக்கப் பாப்போம்" என்றார். வைக்கவில்லை. அவர் கண்ணெதிரிலேயே கிழித்துவிட்டேன். "பைத்தியமா நீ?" என்று அவர் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. நீ என்னை நம்பி எழுதியது. உன்னைக் காட்டிக்கொடுத்து நான் தப்பிக்க மாட்டேன். இனி சாட்சி என்று இருப்பது உன் வாய் மட்டும்தான்.

திங்கட்கிழமை விசாரணை. உன்னையும் கூப்பிட்டிருக்கிறார்களாம். நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. நீ வா. வந்து வெட்டின வார்த்தையை ஒட்டிவிட்டுப் போ.

அக்கா

*

ஏப்ரல் 2

தம்பி,

திங்கட்கிழமை நீ வந்தாய். இளைத்திருக்கிறாய். சட்டைக் காலர் கழுத்தில் நிற்கவில்லை. பேசவிட்டிருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.

"நீங்க பார்த்தது பலூன்தானே?" என்று உன் கமாண்டர் கேட்டார். நீ ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினாய். நானும் திரும்பினேன். அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், என்னமோ அங்கே வந்து நிற்கிற மாதிரி. கமாண்டரும் வெளியே பார்த்தார், தம்பி. அவர் கண்ணில் இருந்தது கோபம் இல்லை. அந்த ஆளுக்கும் தெரியும்.

"பதில் இல்லாததை ஆமான்னே எடுத்துக்கலாம்" என்று அவர் சொன்னபோது நீ குனிந்துகொண்டாய்.

வெளியே வந்து உன்னைத் தேடினேன். ஜீப் போய்விட்டிருந்தது. மறுநாள் ரொட்டி வண்டிக்காரரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். உன் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறார். பதில் வரவில்லை.

என் இடத்தில் ஒரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். கயிற்றை எப்படிப் பிடிப்பது என்று கேட்க என் வீட்டுக்கே வந்தாள். சொல்லிக்கொடுத்தேன். அவள் என்ன செய்வாள், பாவம். ஆக, வேலை போனது போனதுதான். உன்னிடம் இனி அதைக் கேட்கவில்லை. ஆனால் செய்யாததை நான் செய்ததாகத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நீ பார்த்ததை நீயே பார்க்கவில்லை என்று ஆகப்போகிறது. அதை என்னால் பொறுக்க முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் அது பலூன்தான் என்று நீயே நம்பிவிடுவாய். அப்புறம் அன்று அந்த மேகத்துக்கு மேலே யாருமே இல்லை.

தீர்ப்பு எழுதுவதற்கு முன் வியாழக்கிழமை கடைசியாக ஒருமுறை கூப்பிட்டிருக்கிறார்கள். உன் நாற்காலி என் நாற்காலிக்கு எதிரே இருக்கும். ஜன்னலைப் பார்க்காதே. என்னைப் பார். என்ன பார்த்தாய் என்று கேட்பார்கள்.

சொல்.

அக்கா